கோசலாவின் கோபத்துக்குக் குளிசை இல்லை

1

ஒரு மனிசியின் புத்தியின் விலை ஆயிரத்து எழுநூற்றைம்பது ரூபா. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பிள்ளை அப்படித்தான் சொன்னது. குறைக்க ஏலாதோ என்று கேட்டுப் பார்த்தேன். கடைக்கார வீட்டில் பிறந்தவன் நான். கோயில் அர்ச்சனைச் சீட்டுக்கும் ஒருதரம் விலை கேட்டுப் பார்க்கிற வளர்ப்பு. "ஏலாது ஐயா, எல்லாருக்கும் ஒரே விலை" என்றது பிள்ளை.

அந்தச் சோதனையைக் கோசலாவுக்குச் செய்து பார்க்க ஒன்றரை வருடமாக ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த ஒன்றரை வருடத்தில் சோம்பேறி, கள்ளி, விசரி என்று மூன்று பட்டங்கள் அவளுக்குக் கிடைத்தன. பட்டங்கள் இலவசம்.

இந்தக் கதை எனக்கு ஒரு கலியாண மண்டபத்தில் ஓசியில் கிடைத்தது. ரொறன்ரோவிலிருந்து வந்த ஒருவர், "எங்கடை புங்குடுதீவிலை ஒருத்தி, செத்த மனிசனுக்கு அவற்றை எதிரி வீட்டிலை படைச்சுப்போட்டாள்" என்று தொடங்கினார். மேசை முழுவதும் சிரித்தது. நல்ல சரக்கு, பகிடிக் கதையாக எழுதலாம் என்று கணக்குப் போட்டேன். சரக்கைத் தொட்டுப் பாராமல் வாங்கிப் பழக்கமில்லாததால் புங்குடுதீவு மடத்துவெளிக்குப் போய்க் கோசலாவையும் பார்த்தேன். பகிடிக் கதை அங்கே கெட்டுப்போயிற்று. இனி வருவது கெட்டுப்போன சரக்கு. சிரிப்பு வந்தால் சிரியுங்கள், ஆனால் அவளுக்கு முன்னால் சிரிக்க வேண்டாம்.

2

முதல் தொடக்கம்: "மடத்துவெளியில் கச்சான் காற்று எழும்பிய நாளில்..."

(நிறுத்து. தீவைப் பற்றி எழுதுகிறவன் எல்லாம் காற்றில் ஏறித்தான் வருகிறான். காற்றுக்கு இங்கே வேலை இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: "கோசலா கொஞ்சம் மந்தமான பெண். நாற்பத்தைந்து வயதாகியும் அவளுக்கு..."

(வெட்டு. இது ஊர் சொன்னது. ஊரின் வாய் என் பேனாவுக்குள் எப்படி நுழைந்ததென்று தெரியவில்லை.)

மூன்றாம் தொடக்கம்: "கோசலாவிடம் ஏழு வீட்டுத் திறப்புகள் இருந்தன."

இது நிற்கும்.

ஏழு வீட்டுக்காரரும் வெளிநாட்டில். கோசலா ஒன்பது வருடமாக அந்த வீடுகளைத் திறந்தாள், பூட்டினாள். யன்னல்களைத் திறந்து காற்று விட்டாள். வௌவால் எச்சம் கழுவினாள். கிணற்று மோட்டரை ஓடவிட்டாள், வெள்ளிக்கிழமைகளில் சாமியறையில் விளக்கு வைத்தாள். இந்தத் தீவில் ஒரு பூட்டிய வீட்டின் திறப்பை ஒருத்தியிடம் கொடுப்பது சின்ன விஷயமில்லை. உள்ளே நகை கிடையாதுதான். ஆனால் செத்தவர்களின் படங்கள் இருக்கின்றன. சொந்தத் தங்கச்சியிடம் கொடுக்காத திறப்பைச் சிலர் கோசலாவிடம் கொடுத்திருந்தார்கள். அந்தக் கோர்வையை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் ஒழுங்கையால் நடந்தால், சத்தம் கேட்டு நாய்கள்கூட எழும்பி வழிவிடும்.

பிறகு அந்த ஒன்றரை வருடம். எப்போது தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது. சித்திரை வெயிலில் குளிர்ந்தது. ஏழில் ஒரு வீட்டுச் சுவிஸ்காரர் விட்டுப்போன கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு முற்றம் கூட்டினாள். சீப்பில் முடி, குரலில் கரகரப்பு, விடிந்து எழும்பும்போதே நாள் முடிந்ததுபோல ஒரு களைப்பு. சொற்கள் பிந்தி வந்தன. குறிகட்டுவான் பஸ்ஸைப் போல, வருமா வராதா என்று பார்த்து நிற்க வேண்டும். துக்கம் என்றும் சொல்ல ஏலாது. துக்கத்துக்கு ஒரு காரணமாவது இருக்கும். இது எல்லாவற்றுக்கும் உப்புக் குறைந்த மாதிரி. சாப்பாட்டுக்கு, கோயிலுக்கு, மகள் கொழும்பிலிருந்து எடுக்கிற போனுக்கும்கூட.

"உமக்கு வேலை செய்யப் பஞ்சி" என்றான் புருசன் சசிகரன். கூட்டுறவுக் கடை முகாமையாளர்; மனிதர்களையும் இருப்பு எடுத்துத்தான் பார்ப்பான். "தின்னுறது கூடிப்போச்சு. உடம்பைப் பாரும்."

அவள் பார்த்தாள். உடம்பு கூடியிருந்தது உண்மைதான். தின்னவில்லை என்பதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்து ஒரு வசனமாக்குவதற்குள் அவன் மோட்டார் சைக்கிளில் போய்விட்டான்.

3

ஏழில் இரண்டு வீடுகள் பக்கத்துப் பக்கத்து வளவில். ஒன்று கனகசபையருடையது, மற்றது நாகமுத்தருடையது. ஒரே மேசன், ஒரே வருடத்தில், ஒரே மாதிரியில் கட்டியவை. பிறகு எல்லையில் நின்ற பனையை யார் தறித்தது என்று தொடங்கிய வழக்கு இருபத்திரண்டு வருடம் ஓடியது. [பக்கக் குறிப்பு: அந்தப் பனையை விற்றிருந்தால் வழக்கறிஞரின் ஒருநாள் பிளேன்ரீக்குக் காணாது. விசாரித்தேன்.] இந்த வளவார் அந்த வளவுக் கிணற்றில் தண்ணீர் அள்ளமாட்டார்கள். ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் படலைக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பினார். வழக்கு முடியமுதல் இருவரும் முடிந்துபோனார்கள். கனகசபையரின் மகன் நிசாந்தன் ரொறன்ரோவிலும், நாகமுத்தரின் மகள் பவதாரணி பாரிஸிலும் அந்தப் பகையை ஒரு குறையும் வைக்காமல் வளர்க்கிறார்கள்.

வெளிநாட்டில் ஐயரை வைத்துத் திவசம் செய்தாலும், ஊர் வீட்டில் ஓர் இலை போடாவிட்டால் பிள்ளைகளுக்கு மனம் ஆறாது. ரொறன்ரோவின் பதினெட்டாம் மாடிக்கு அப்பாவுக்கு வழி தெரியாது, வந்தால் மடத்துவெளிக்குத்தான் வருவார் என்பது நிசாந்தனின் நம்பிக்கை. ஆகவே வருடத்தில் ஒருநாள் கோசலா கனகசபையருக்குப் பிடித்ததைச் சமைத்து, அவர் படத்துக்கு முன்னால் படைத்து, கதவைச் சாத்திச் சற்று நேரம் வெளியே இருந்துவிட்டு, படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவாள். ஒருதரமும் பிழை வந்ததில்லை.

அந்த வருடம் திவசம் வெள்ளிக்கிழமையில் வந்தது. விளக்கு வைக்க முதலில் நாகமுத்தர் வீட்டைத் திறந்தாள். கதிரையில் ஒருக்கால் இருந்தாள். எழும்ப வேண்டும் என்று நினைத்தாள். நினைப்பு முழங்காலுக்குப் போய்ச் சேர நேரமெடுத்தது. எழும்பினாள். குசினிக்குள் போனாள். அதே இடத்தில் அடுப்பு, அதே கைப்பக்கத்தில் அலுமாரி. கொண்டுவந்த பையைப் பிரித்துச் சமைத்தாள். வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, பயற்றம் பணியாரம், பனங்கட்டியோடு பிளேன்ரீ. இலை போட்டாள், கும்பிட்டாள், கதவைச் சாத்தினாள், படம் எடுத்தாள், அனுப்பினாள்.

எந்த வீட்டில் நிற்கிறோம் என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதைத் தன்னிடம் கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. இந்த வித்தியாசத்தை ஊருக்கு விளங்கப்படுத்த இன்றுவரை அவளுக்கு ஏலவில்லை. எனக்கும் ஏலுமோ தெரியாது. நான்கு தரம் எழுதிக் கிழித்த பந்தி இது.

போன் அடித்தது.

"கோசலாக்கா, உது ஆற்றை படம்?"

"அப்பான்ரைதான் தம்பி."

"வடிவாப் பாருங்கோ."

பார்த்தாள். முறுக்கிய மீசையோடு நாகமுத்தர் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனகசபையருக்கு மீசையே கிடையாது.

"என்ரை அப்பா உயிரோடை இருக்கேக்கை அந்த வளவிலை ஒரு மிடறு தண்ணி குடிக்கேல்லை." நிசாந்தனின் குரலில் 'அக்கா' போய் 'நீர்' வந்துவிட்டது. "செத்தாப் பிறகு அங்கை கை நனைக்க வைச்சிட்டீரே! எவ்வளவு தந்தவள் உமக்கு?"

"ஆர் தம்பி?"

"பவதாரணி!"

ஒரு மணித்தியாலம் போகவில்லை, படம் கைமாறிப் பாரிஸுக்கும் போய், பவதாரணி எடுத்தாள். "எங்கடை அப்பா பாத்துக்கொண்டிருக்க, அவற்றை வீட்டுக்குள்ளையே அந்தாளுக்கு விருந்து வைச்சிருக்கிறீர். நிசாந்தன் எவ்வளவு தந்தவன்?"

கோசலா இருவரிடமும் மன்னிப்புக் கேட்டாள். அழுதுகொண்டு கேட்டாள். ஏழு வீட்டாரும் இருக்கிற வட்ஸ்அப் குழுவிலும் கேட்டாள். அவளுடைய மன்னிப்புக்குக் கீழே நிசாந்தன் எழுதினான்: "இவவுக்கு விசர். திறப்பை வாங்குங்கோ." அதற்குப் பவதாரணி ஒரு கட்டைவிரல் போட்டாள். முப்பது வருடத்துக்குப் பிறகு இரண்டு குடும்பமும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போயின.

திறப்புகள் சசிகரனிடம் போயின. கூட்டுறவுக் கடையையே நடத்துகிற பொறுப்பான மனிதர் என்று எல்லாருக்கும் திருப்தி. காலையில் அவன் கதவைத் திறப்பான். கோசலா கூட்டுவாள், கழுவுவாள், விளக்கு வைப்பாள். அவன் படமெடுத்து அனுப்புவான். "வீடு பளிச்செண்டு இருக்கு, நன்றி சசி அண்ணை" என்று பதில் வரும். பெயருக்கும் புகழுக்கும் அவன், விளக்குமாற்றுக்கு அவள்.

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்தேன். பிடித்தும் கோபம் போகவில்லை.

4

மீன்காரி மாக்கிறேற் ஊர்காவற்றுறையிலிருந்து வருவாள். ஒருநாள் சட்டியில் மீனைப் போட்டுவிட்டுக் கோசலாவின் முகத்தைப் பார்த்தாள்.

"எடி பிள்ளை, மீனை வாங்கிப்போட்டு, மீன் கிடக்கிற சட்டியை என்னட்டையே திருப்பித் தாறாய். என்னடி நடந்தது உனக்கு?"

"தெரியேல்லை அக்கா. தலைக்குள்ளை பஞ்சு அடைஞ்ச மாதிரிக் கிடக்கு."

"புருசன் என்னவாம்?"

"தின்னுறது கூடிப்போச்சாம்."

"அந்தாளை ஒருநாள் எங்கடை வள்ளத்திலை ஏத்தி விடு. அரைவழியிலை இறக்கி விடச் சொல்லுறன்."

கோசலாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. மாக்கிறேற் ஈரக் கையைச் சீலையில் துடைத்துவிட்டு அவள் தோளைப் பிடித்தாள். "நீ பஞ்சிக்காரி இல்லையடி. ஒன்பது வருசம் ஏழு வீடு பாத்தவள் ஒரு நாளிலை பஞ்சிக்காரி ஆவாளோ? உனக்கு ஏதோ வருத்தம். எனக்குத் தெரியும்."

(மாக்கிறேற் என்று ஒருத்தி இல்லை. நான் இட்டுக்கட்டியவள். மடத்துவெளிக்கு மீன் கொண்டுவருவது ஒரு பெடியன். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கமாட்டான், ஹோர்ன் அடிப்பான். "உனக்கு ஏதோ வருத்தம்" என்கிற அந்த ஒரு வசனத்தை அந்த ஒன்றரை வருடத்தில் கோசலாவிடம் ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொல்வதற்கு ஒரு ஆளை நான் கற்பனையிலிருந்து இறக்கவேண்டி வந்தது. எழுத்தில் ஏன் இவ்வளவு காரம் என்று கேட்பவர்கள் இந்த அடைப்புக்குறியை இன்னொருதரம் வாசியுங்கள்.)

5

நடந்தது இது. "விசர்" என்று குழுவில் எழுதியாயிற்று. அதை ஒரு டொக்டரும் எழுதித் தந்துவிட்டால் நல்லது என்று சசிகரன் அவளை மனநலக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனான். இளம் பெண் டொக்டர். கேள்வி கோசலாவுக்கு, பதில் சசிகரன்.

"நித்திரை எப்பிடி அம்மா?"

"நாள் முழுக்க நித்திரைதான் டொக்டர்."

"நான் அவவைக் கேட்டனான்" என்றார் டொக்டர்.

கோசலாவின் பதில் மெல்ல வந்தது. டொக்டர் காத்திருந்தார். ஒரு மனிதர் தன் வசனம் முடியும்வரை காத்திருந்ததே அன்றைக்குப் பாதி மருந்து என்று அவள் என்னிடம் சொன்னாள். பிறகு டொக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்தார். மனம் சோர்ந்து வருகிற எல்லாருக்கும் இதைப் பார்க்கிறது வழக்கம் என்று இரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்.

இனிக் கொஞ்சம் கட்டுரை. விரும்பாதவர்கள் ஆறாம் பகுதிக்குத் தாவலாம்.

கழுத்தின் முன்பக்கத்தில் இருக்கிற தைரொயிட் சுரப்பியை ஒரு கிளைக் கடை என்று வையுங்கள். உடம்பு எவ்வளவு வேகத்தில் ஓடவேண்டும் என்பதற்கான சரக்கு அங்கிருந்துதான் போகிறது. முதலாளி மூளைக்கு அடியில் இருக்கிறார். கடை நிறுவையில் கொஞ்சம் குறைக்கத் தொடங்கினால் முதலாளி சத்தம் போடுவார். சத்தத்துக்குப் பயந்து கடையும் எப்படியோ சரக்கை ஒப்பேற்றிவிடும். சரக்கை நிறுத்துப் பார்த்தால் சரியாக இருக்கும், ஆனால் முதலாளியின் தொண்டை கிழிந்துகொண்டிருக்கும். ரீ.எஸ்.எச். என்று சோதிக்கிறார்களே, அது கடையின் சரக்கை அளப்பதில்லை. முதலாளியின் சத்தத்தை அளக்கிறது. நாலரைக்குள் இருந்தால் நல்லது. கோசலாவின் அளவு எட்டுக்குக் கிட்ட. மூன்று மாதத்தால் திருப்பிப் பார்த்தபோதும் எட்டுக்குக் கிட்ட.

வெளியே புருசன், ரொறன்ரோ, பாரிஸ். உள்ளேயும் ஒருவர் இரவுபகலாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்கு மட்டும்தான் சத்தம் போட இடமில்லை.

"உங்களுக்கு இருக்கிறது சாதுவான, மெல்லிய தைரொயிட் குறைவு" என்றார் டொக்டர். "எல்லாம் இதாலைதான் எண்டு நான் சத்தியம் பண்ண மாட்டன். ஆனா களைப்பு, மறதி, குளிர், யோசினை பிந்துறது, மனம் விழுந்து கிடக்கிறது, உதுகளை இது செய்யக்கூடும். சிலருக்குக் குளிசை உதவும், சிலருக்குப் பெரிசா உதவாது. சின்ன அளவிலை துடங்கிப் பாப்பம்."

"அப்ப விசர் இல்லையோ?" என்றான் சசிகரன். கேட்ட விதத்தில் ஒரு ஏமாற்றம் இருந்தது.

6

வெறும் வயிற்றில் ஒரு குளிசை. முதல் மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கம்பளிச் சட்டை கழன்றது. சொற்கள் நேரத்துக்கு வரத் தொடங்கின. ஒரு காலை, சசிகரன் செருப்பை இழுத்து இழுத்து விறாந்தையில் நடந்த சத்தத்தில் அவளுக்கு எரிச்சல் வந்தது. ஒன்றரை வருடத்தில் வந்த முதல் எரிச்சல். நெடுநாள் காணாத சொந்தக்காரர் வந்ததுபோல அதைக் கதிரை போட்டு இருத்தினாள். அதன் பின்னால் கோபம் வந்தது. எல்லாம் ஞாபகம் வந்தது. யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்று.

"திறப்பைத் தாங்கோ" என்றாள்.

"ஏன் இப்பிடிக் கத்துறீர்? காலமை குளிசை போட்டனீரோ?"

"போட்டனான். திறப்பைத் தாங்கோ."

"உது நீர் கதைக்கேல்லை. தைரொயிட் கதைக்குது."

"வீடு மாறிப் படைச்சது தைரொயிட். சரி, ஒத்துக்கொள்ளுறன். என்னை விசரி எண்டு எழுதேக்கை நீங்கள் பக்கத்திலை இருந்து சோறு திண்டனீங்கள். அது ஆற்றை தைரொயிட்?"

அவன் போனை எடுத்துத் தேடினான். [பக்கக் குறிப்பு: எரிச்சலும் இந்தக் குறைபாட்டின் குணங்களில் ஒன்றுதான். கெட்டகாலம், சசிகரன் அதை வாசித்துவிட்டான்.] "இஞ்சை பாரும், போட்டிருக்கு" என்று காட்டினான்.

அடுத்த இரத்தப் பரிசோதனையில் அளவு மூன்றுக்குக் கீழே வந்தது. முதலாளி அமைதி. கோபம் அப்படியே இருந்தது. "பிழையாப் பாத்திருப்பாங்கள்" என்றான் சசிகரன். "இன்னொருக்காக் குத்திப் பாப்பம்."

(இந்த இடத்தில் எனக்கும் ஒரு சந்தேகம். அவளைச் சோர வைத்ததில் சுரப்பிக்கு எவ்வளவு பங்கு, சசிகரனுக்கு எவ்வளவு பங்கு? குளிசையால் தெளிந்தாளா, டொக்டர் காத்திருந்ததால் தெளிந்தாளா? டொக்டருக்கும் தெரியாது. பிரித்துச் சொல்கிறவன் பொய் விற்கிறான்.)

7

ஆடியில் நிசாந்தன் வந்தான். கையில் சொக்லேற்றும் கோடாலித் தைலமும். முகத்தில் பெருந்தன்மை.

"கோசலாக்கா, சசி அண்ணை எல்லாம் சொன்னவர். வருத்தத்திலை செய்தது. நான் மன்னிச்சிட்டன். பவதாரணியோடையும் கதைச்சனான்." சசிகரனைப் பார்த்தான். சசிகரன் திறப்புக் கோர்வையை மேசையில் வைத்தான். "திறப்பை நீங்களே வைச்சிருங்கோ. ஒரு கமெராப் பூட்டுவம், சும்மா ஒரு பாதுகாப்புக்கு. திவசத்துக்கு அண்ணையும் பக்கத்திலை நிக்கட்டும். குறூப்பிலை நான், 'அவவுக்குத் தைரொயிட், பாவம்' எண்டு போட்டுவிடுறன். எல்லாரும் விளங்கிக்கொள்ளுவினம்."

கோசலா கோர்வையைப் பார்த்தாள். கை அதை நோக்கிப் போனது. பாதியில் நின்றது.

"தைரொயிட் எண்டு போட வேண்டாம் தம்பி."

"ஏன், உண்மைதானே?"

"என்ரை வருத்தத்தை ஊருக்குச் சொல்லுறதெண்டால் நான் சொல்லுவன். நீர் எழுதினதை நீர் எழுதும். 'நான் இவவை விசரி, காசு வாங்கினவ எண்டு சொன்னனான். அது பிழை. மன்னிக்க வேணும்.' உவ்வளவும்தான். உம்மடை பேரோடை. பவதாரணியும் தன்ரை பேரோடை. கமெரா இல்லை. இவர் பக்கத்திலை நிக்கத் தேவையில்லை."

"அக்கா, நான் மன்னிக்கத்தானே வந்தனான்?"

"அது எனக்கு விளங்குது. நான் மன்னிக்கிறதோ இல்லையோ எண்டதுதான் இன்னும் முடிவாகேல்லை."

"கோசலா, குளிசை..." என்றான் சசிகரன்.

"வாயைப் பொத்துங்கோ."

மேசையில் திறப்புகள். மூன்று பேர். ஒருவரும் பேசவில்லை.

8

மூன்று முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில் அவள் திறப்பை எடுத்துக்கொள்கிறாள். மெல்லச் சிரிக்கிறாள். படிக்கிறவர்களுக்கு ஆறுதல். (கிழித்துப் போட்டேன்.)

இன்னொன்றில் கோர்வையைத் தூக்கி நாகமுத்தர் கிணற்றுக்குள் எறிகிறாள். நல்ல சத்தம். ஆனால் நாளைக்கு ஏழு வீட்டுப் பூட்டையும் உடைக்க வேண்டும், உடைத்த தூசியைக் கூட்டப் போகிறவள் அவள்தான்.

மூன்றாவதில் நிசாந்தன் போனை எடுத்து எழுதுகிறான். அதை நானே நம்பவில்லை.

ஆகவே எழுதப் போவதில்லை. காரணம் இருக்கிறது. எங்கள் கடையில் சின்ன வயதில் எனக்குச் சொல்லித்தந்த முதல் வியாபாரம் இது: விலையைச் சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டிரு. அதன்பிறகு முதலில் வாய் திறக்கிறவன் இறங்கிவிட்டான் என்று அர்த்தம். கோசலா தன் விலையைச் சொல்லிவிட்டாள். குறைக்க ஏலாத விலை. இப்போது அவள் பேசாமல் இருக்கிறாள். நான் ஒரு முடிவை எழுதினால், அவளுக்காக நான் வாய் திறந்ததாகிவிடும், பேரம் கெட்டுப்போகும். நீங்களும் அந்த மேசையில்தான் இருக்கிறீர்கள். "பாவம், போனால் போகட்டும், எடும்" என்று சொல்ல உங்களுக்கும் நாக்கு அரிக்கும். அரிக்கட்டும். யார் முதலில் பேசுகிறார்கள் என்று இருந்து பாருங்கள். நான் கணக்கை மட்டும் வைத்துவிட்டுப் போகிறேன்.

மறதி: சுரப்பியின் பற்று.

களைப்பு: பாதி சுரப்பி, பாதி ஏழு வீடு.

இலை மாறியது: சுரப்பி. கோசலா மறுக்கவில்லை.

கோபம்: கோசலாவின் சொந்த முதல். வேறு எவரும் கைவைக்க ஏலாது.

அவள் கேட்ட மன்னிப்பு: நிசாந்தனிடம் ஒன்று, பவதாரணியிடம் ஒன்று, எல்லாருக்கும் முன்னால் ஒன்று.

அவளிடம் கேட்கப்பட்ட மன்னிப்பு: